நான்கு மாதக் கதவுக்கு இரங்கல்

வெனெத்தா கோலேவா ரயில்வேயில் இருந்த முப்பத்தோரு வருஷத்தில் அவள் கையால் ஒரு வண்டிகூட வழியில் நின்றதில்லை. கிழக்கே வார்னாவுக்கும் மேற்கே சோஃபியாவுக்கும் வடக்கே ரூசேவுக்கும் போகிற வண்டியெல்லாம் கோர்னா ஒரியாஹோவிட்சா சந்திப்பில்தான் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் கடக்க வேண்டும். எது முன்னால், எது பின்னால், எது ஓரமாக ஒதுங்கி மூச்சு வாங்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து தீர்மானித்தவள் அவள். வண்டிகள் நின்றிருக்கின்றன. பனியால் நின்றிருக்கின்றன, தண்டவாளத்தில் எருமை படுத்து நின்றிருக்கின்றன, ஒருமுறை ஓட்டுநருக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நின்றிருக்கிறது. வெனெத்தாவால் நின்றதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவள் மாடிப்படி ஏறுகிற விதத்திலேயே அது தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்றபின் தன் கையால் செய்த முதல் பொருள் ஒரு கதவு. அந்தக் கதவு செப்டம்பர் முதல் வாரத்தில், இரண்டு தர்பூசணிகளோடு வந்த எஞ்சினியர் லாசரோவைப் பதினேழு நிமிஷம் தெருவில் நிறுத்திவிட்டது.

லாசரோவ் ஐந்தாம் மாடிக்காரர். மூடிப்போன ஆலை ஒன்றில் எஞ்சினியராக இருந்தவர். ஆலை போனாலும் பட்டம் போகவில்லை. அவருடைய மனைவியே அவரை ‘எஞ்சினியர்’ என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு வாசல்; அதில் பி வாசலுக்குப் பதினோரு வருஷம் நிர்வாகியாக இருந்து, இந்த வசந்தத்தில் மூட்டுவலி என்று விலகினார். பொதுக்கூட்டத்தில் புது நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். யார் பார்க்கவில்லையோ அவர்தான் நிர்வாகி. வெனெத்தா பார்க்கவில்லை. தன்னை யாராவது கெஞ்சித் தடுப்பார்கள் என்று காத்திருந்த லாசரோவுக்கு மூட்டுவலி அன்றைக்கே சரியாகிவிட்டது, கோபம் மட்டும் நின்றது.

வெனெத்தா பொறுப்பேற்றதும் முதலில் கண்ணில் பட்டது கதவு. பதினைந்து வீட்டுக்கும் சேர்த்து நாற்பது சாவிகள் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் பாதி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வார்னாவில் வேலை பார்க்கும் மகள் ரலிட்சா கல்லூரி நாளில் வாங்கிய ஒரு குட்டிக் கணினிப் பலகை, சீட்டுக்கட்டு அளவுதான், மேசை இழுப்பறையில் கிடந்தது. வெனெத்தா அதை எடுத்தாள். இரண்டு மாதம் படித்தாள், கேட்டாள், விரலைச் சுட்டுக்கொண்டாள். மே மாதத்தில் கதவோரம் ஒரு சின்ன ரீடர் வந்தது. பிளாஸ்டிக் வில்லையை அதன்முன் காட்டினால் அது யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் படிக்கட்டுக்கடியில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் பலகை கதவைத் திறக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எல்லாம் கதவு சொன்னபடி கேட்டது. ஏ வாசல்காரர்கள் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். வெனெத்தா குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் தேவையில்லாமல் ஒருதரம் வில்லையைக் காட்டித் திறந்து பார்த்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் கடைசியில் ரீடர் அவ்வப்போது மயங்க ஆரம்பித்தது. விளக்கு எரியும், வில்லையைக் காட்டினால் கேட்காது. அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். அடுத்த வாரம் நடந்ததுதான் தர்பூசணி சம்பவம். லாசரோவ் முதலில் கதவைத் தட்டினார், பிறகு திட்டினார், கடைசியில் தரைத்தளத்துப் பாவ்லினாவின் ஜன்னல் வழியாக உள்ளே ஏறினார். தர்பூசணிகள் முன்னே போயின, அவர் பின்னே. கால்சட்டை பூந்தொட்டியில் மாட்டிக்கொண்டது. பாவ்லினாவின் நாய் அவரை அதற்குமுன் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லையாதலால் தன் கடமையைச் செய்தது.

மறுநாள் காலை கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் படம். செத்தவர்களுக்கு எல்லா வாசல்களிலும் ஒட்டுகிற அதே இரங்கல் தாள். படத்தில் இருந்தது ரீடர்.

‘ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய மின்கதவு, நான்கே மாதம் வாழ்ந்து, குறுகிய கால நோய்க்குப்பின் நம்மையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டுச் சென்றது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் படிக்கட்டில் பொதுக்கூட்டம். பொருள்: பழைய பூட்டு, பழைய நிர்வாகம். மலர்கள் வேண்டாம். பழைய சாவி இருப்பவர்கள் கொண்டுவரவும். துயரத்தில் ஆழ்ந்த குடியிருப்போர்.’

சி வாசல் கிழவர் ஒருவர் அதன்முன் நின்று தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டதை வெனெத்தா தன் கண்ணால் பார்த்தாள். தாளைக் கிழிக்கவில்லை. இரங்கல் தாளை யாரும் கிழிப்பதில்லை. லாசரோவும் அதை நம்பித்தான் அப்படி ஒட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

உடனே ரலிட்சாவிடம் போனில் பேசினாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அம்மா, அது சாகல. விட்டுட்டு விட்டுட்டுப் போகுது. யு.எஸ்.பி.ல தொங்குற எதுவும் மயக்கம் போட்டா முதல்ல கரண்ட்டத்தான் சந்தேகப்படணும். கேபிள மாத்து. அடுத்து அடாப்டர. ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும். எல்லாத்தையும் சேத்து மாத்திட்டு, எது சரி பண்ணுச்சுன்னு தெரியலன்னு எங்கிட்ட வராத.”

அன்றைக்கே, திங்கள்கிழமை, கேபிளை மாற்றினாள். நீளமானதை எடுத்துவிட்டுக் குட்டையாக, தடியாக ஒன்று. ரீடர் பதினான்கு முறை மயங்கியது. செவ்வாய் அடாப்டர்: பழைய போன் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று. அன்றைக்கு ஒன்பது முறை. அவள் சந்தோஷப்படப் பார்த்தாள். புதன்கிழமை அது பதினாறாகிவிட்டது. பலகைக்குச் சுமை வேண்டாமென்று தனி அடாப்டரோடு, பல யு.எஸ்.பி. துளைகள் உள்ள ஹப் ஒன்று வாங்கி, ரீடரை அதில் மாட்டினாள். பலகை சிக்கனம் பார்த்து ரீடரைத் தூங்க வைக்கிறதோ என்று அந்த ஏற்பாட்டையும் நிறுத்தினாள். சமையலறை அலுமினியத் தாளைக் கேபிளில் சுற்றினாள். ரீடர் எதையும் பொருட்படுத்தவில்லை.

இதற்குள் வாசலில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எதிரே வந்த செல்போன் கோபுரம் என்றார் இரண்டாம் மாடிக்காரர். காற்று ஊடுருவுகிறது, படிக்கட்டு ஜன்னலைச் சாத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் அவர் மனைவி. அவளுக்குப் பல்வலியிலிருந்து பங்குச் சந்தை வரை எல்லாவற்றுக்கும் காரணம் ஊடுருவுகிற காற்றுதான். பாவ்லினா பெட்டியின் கைப்பிடியில் கண்ணேறுக்கு நீலமணி கட்டிவிட்டுப் போனாள். கண் பட்டதென்றால் யார் கண் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை; தலையை நிமிர்த்தி ஐந்தாம் மாடியைப் பார்த்தாள்.

லாசரோவ் தினமும் கீழே இறங்கி, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வெனெத்தாவைத் தாண்டிப் போனார். வியாழக்கிழமை நின்றார்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கா, எஞ்சினியர்?”

“நோயாளிக்கு.”

கணவன் ரங்கேல் மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. லாரி ஓட்டி ஓய்ந்தவன், வாயாடி, அவனுக்குத் தெரியாத விஷயத்தில்தான் அதிகம் பேசுவான். இந்த வாரம் அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். தன்மேல் இரக்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறான் என்று வெனெத்தா நினைத்துக்கொண்டாள். நண்பன் ஸ்தாமெனின் கேரேஜில் பகடை ஆடப் போகிறேன் என்று காலையில் போவான், மதியம் சாப்பிட வருவான், மறுபடி போவான்.

வியாழன் மாலை அவள் மகளுக்குப் போன் பண்ணவில்லை. அலமாரி மேலிருந்து ஒரு பழைய தாள் சுருளை இறக்கினாள். ரயில் ஓட்ட வரைபடத் தாள். குறுக்கே இருபத்துநாலு மணி நேரம், ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு கோடு. பலகை தன் பதிவில் ஒவ்வொரு மயக்கத்தையும் நொடி சுத்தமாகக் குறித்து வைத்திருந்தது. அவள் அதையெல்லாம் வண்டிகளைக் குறிப்பதுபோல் சிவப்புப் பென்சிலால் குறித்தாள். நொடியில் வந்து நொடியில் போன சில சின்னத் துடிப்புகளும் இருந்தன, பகலென்றும் இரவென்றும் பாராமல். அவற்றைச் சாதாரணப் பென்சிலால் போட்டு, ஓரத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினாள்.

போட்டு முடித்துக் கையை எடுத்தபோது தாளே பேசியது. காலை ஒன்பதுக்கு முன்னால் சிவப்புப் புள்ளி கிடையாது. ஒன்பதிலிருந்து கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு கொத்துக்குள்ளும் எட்டெட்டு நிமிஷ இடைவெளியில். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வெறுமை. நாலு மணிக்குமேல் மறுபடி கொத்துகள். ஏழரைக்கு முற்றும்.

இரண்டு முதல் நாலு, குடியிருப்புகளில் சத்தம் போடக் கூடாத ஓய்வு நேரம். செல்போன் கோபுரம் ஓய்வு நேரத்தை மதிக்காது. காற்றும் மதிக்காது. இது கோளாறு இல்லை, கால அட்டவணை என்று வெனெத்தாவுக்குப் பட்டது. அட்டவணை என்றிருந்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு. அதுவும் ஒழுங்காக வளர்க்கப்பட்ட ஆள்.

வெள்ளிக்கிழமை அவள் பலகையையும் ஹப்பையும் சுவரிலிருந்து பிடுங்கி, ரலிட்சா விட்டுப்போன பெரிய பவர் பேங்கில் மாட்டினாள். காலை முதல் மாலை வரை ரீடர் ஒருதரம்கூட மயங்கவில்லை. லாசரோவ் நம்பாமல் நாலு தடவை வெளியே போய் நாலு தடவை உள்ளே வந்தார். சிகரெட் பிடிக்க என்றார். அவர் சிகரெட்டை விட்டு ஒன்பது வருஷம். மாலையில் பவர் பேங்க் தீர்ந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ரீடர் மேல் தப்பில்லை, கேபிள் மேல் இல்லை, பலகை மேல் இல்லை. தப்பு சுவருக்குள் இருந்து வருகிறது. அந்த வாரம் மாற்றிய அடாப்டர் எல்லாம் அதே சுவரில்தானே மாட்டியிருந்தன. அந்த லைனில் யாரோ பெரிய சுமை ஒன்றைச் செருகுகிறார்கள், பிடுங்குகிறார்கள், மறுபடி செருகுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் குப்புற விழுகிறது.

செப்டம்பரில், எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, என்ன சுமை என்று இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிவப்புக் குடமிளகாய். மூன்று குழி உள்ள மின்சார அடுப்பில் தலைகீழாக இறக்கி, தோல் கருகும்வரை சுட்டு, உரித்து, குளிர்காலத்துக்குத் தொக்கு கிளற வேண்டும். கோர்னாவே அந்த வாசனையில் மிதந்துகொண்டிருந்தது. அதனால் வாசனையை வைத்து ஆளைப் பிடிப்பதென்பது மழை நாளில் நனைந்தவனைத் தேடுவது மாதிரி.

வெனெத்தாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. கதவு சாவதால் யாருக்கு லாபம்? சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினாள். லாசரோவ் பால்கனியில், ஏப்ரன் கட்டிக்கொண்டு, மிளகாய்தான் சுட்டுக்கொண்டிருந்தார். அவள் வயரைப் பார்த்தாள். வயர் அவருடைய சமையலறைக்குப் போயிற்று, அவருடைய மீட்டரில் முடிந்தது.

அவள் தேடுவது புரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததுபோல் மே மாதத்து ரோஜாகூட மலர்ந்திருக்காது. மீட்டரைத் திறந்து காட்டினார். அடுப்பைக் காட்டினார். சுட்டதையெல்லாம் பையில் போட்டு நிலவறையில் புதிதாக வாங்கிய குளிர்பெட்டியில் அடுக்குவதாகவும், தொக்கு கிளறுவது அறிவியல்பூர்வமானதல்ல என்றும் சொன்னார். அவள் படி இறங்கும்போது மேலிருந்து குரல் கொடுத்தார்.

“நாளைக்கு ஆறு மணி. நானே பூட்டுக்கு எண்ணெய் போட்டு எடுத்து வெச்சிட்டேன்.”

அவள் நேராக, வீட்டுக்கொன்றாகச் சாமான் அறைகள் இருக்கும் நிலவறைக்கு இறங்கினாள். நியாயமாக அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும். படிக்கட்டுப் பெட்டிக்கு வருகிற பொது லைன் நிலவறை நடைவழி விளக்குகளுக்கும் போகிறது. வழியில் இரண்டாவது விளக்கில் பல்பைக் காணவில்லை. பல்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செருகி, அதிலிருந்து ஒரு வயர், வயர் சுவரோரமாக நல்ல பிள்ளையாகப் போய் ஒரு கதவுக்கடியில் நுழைந்தது. கதவில் எண் நாலு. அவளுடைய வீட்டு எண். அந்தக் கதவின் சாவி அவள் கையில் இருக்கும் கொத்திலேயே இருந்தது.

திறந்தாள். ரங்கேல் முக்காலியில் உட்கார்ந்து மிளகாய் உரித்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை சிவப்பு. சுவரோரம் ஜாடிகள்.

“கதவச் சாத்து, காத்து ஊடுருவுது,” என்றான் திரும்பாமல். பிறகு திரும்பினான்.

வெனெத்தா முதலில் ஜாடிகளை எண்ணினாள்.

“எத்தன நாளா?” என்றாள் வெனெத்தா.

“இருபத்தாறாம் தேதியிலேர்ந்து.”

அவள் சுருளைப் பிரித்துப் பார்த்தாள். “இருபத்தஞ்சு. சாயங்காலம் நாலு இருபது.”

“அது சும்மா, சூடாகுதான்னு பாத்தேன்.”

கேரேஜ் இல்லை, பகடை இல்லை. அக்கா கிராமத்திலிருந்து அனுப்பினாள் என்று அவன் மேலே கொண்டுவந்த தொக்கெல்லாம் இங்கேதான் பிறந்தது. அதில் ஒரு ஜாடியை அவள் போன வாரம் சமாதானத்துக்காக லாசரோவுக்கே கொடுத்திருந்தாள். வீட்டில் சுடாமல் இங்கே ஏன் என்று கேட்டபோது அவன் குரலில் உண்மையான வருத்தம் வந்தது. பால்கனியை எடுத்துக்கொண்டது யார்? இந்த வசந்தத்திலிருந்து அங்கே வயரும் பலகையும் பற்றுவைக்கும் கோலும்தான். மிளகாய்க்கு எண்ணெய்ப்பசை உண்டு, கிட்டே வராதே என்று சொன்னது யார்? அடுப்பு பழையது, அதிகம் சிவந்துவிடும், அதனால் ஒவ்வொரு ஈட்டுக்கும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன், பத்திரத்துக்குத்தானே என்றான்.

வெனெத்தா ஜூன் மாதம் தன் கையெழுத்தோடு ஒட்டிய அறிவிப்பை நினைத்தாள். ‘பொது மின்சாரத்தில் சொந்த வேலை கூடாது.’ அது நிலவறைப் படியில் இன்னும் இருந்தது. அவன் தினமும் நாலு தடவை அதைத் தாண்டித்தான் போயிருக்கிறான்.

“கேபிள்னு சொல்லிடு,” என்றான் ரங்கேல் மெல்ல. “நான் இன்னிக்கே அடுப்ப ஏறக்கட்டிடுறேன். கதவு நாளையிலேர்ந்து ஒழுங்கா ஓடும். கேபிளுக்கு வாயா இருக்கு, இல்லன்னு சொல்ல?”

அவள் மேலே போனாள். கேபிள் என்று சொன்னால் சொல்லலாம்தான். யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு தாமதத்துக்கும் எதிரே காரணத்தை எழுதியவள். ‘கேபிள்’ என்று பொய்யாக எழுதினால் பிறகு இந்தக் கதவு எப்போது நின்றாலும் அவளாலேயே அதை நம்ப முடியாது. உண்மையைச் சொன்னால் கதவு பிழைக்கும், அவள் போவாள். திருடனுக்குப் பெண்டாட்டி நிர்வாகியா என்று கேட்க லாசரோவுக்கு ஒரு மூச்சு போதும். ஞாயிறு மாலைவரை ரங்கேல் யாரும் சொல்லாமலேயே பாத்திரம் கழுவினான்.

ஆறு மணிக்குப் படிக்கட்டு நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு மெத்தையைப் போட்டுப் படிகளில் உட்கார்ந்தார்கள். லாசரோவ் மேல்படியில், மடியில் பழைய பூட்டோடு. வெனெத்தா சுருளைத் தபால்பெட்டிகள் மேல் விரித்து ஒட்டினாள். புள்ளிகள் என்ன, இடைவெளி என்ன, பவர் பேங்க் சொன்னது என்ன என்று தொடர்ச்சியாக, குரலை ஏற்றாமல் சொன்னாள். முடிவில் சொன்னாள்:

“நிலவறை விளக்கு லைன்ல மிளகாய் அடுப்பு ஓடுது. நாலாம் நம்பர் அறை. ரங்கேல் கோலேவ், என் வீட்டுக்காரர்.”

எல்லோருடைய தலையும் ரங்கேல் பக்கம் திரும்பியது. லாசரோவ் ஒரு இனிப்பை வாயில் கரையவிடுவதுபோல் அந்தப் பெயரைக் கரையவிட்டார்.

“ஆக,” என்றார், “அறிவிப்பு ஒட்டுறது ஒரு கை. மிளகாய் சுடுறது இன்னொரு கை. ரெண்டும் ஒரே வீட்டுக் கை.”

ரங்கேல் எழுந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளுக்கு அருகே போய், புள்ளி புள்ளியாக விரலை ஓட்டிப் படித்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது.

“இது என்னுது இல்ல.”

“ரங்கேல், உக்காரு.”

“உக்காரமாட்டேன். செவ்வாக்கிழம சாயங்காலம் அஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்க. அஞ்சு நாப்பதுக்கு நாம ரெண்டு பேரும் பல் டாக்டர்கிட்ட இருந்தோம். அவர் கை என் வாயில இருந்துச்சு. நான் சுட்டதுக்குத் திட்டு, வாங்கிக்கிறேன். ஊரார் சுட்டதுக்கு வாங்கமாட்டேன்.”

வெனெத்தா தாளைப் பார்த்தாள். அது நிஜம். கண்ணெதிரே இருந்ததை, ஆள் கிடைத்துவிட்ட அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருந்தாள். அவள் திரும்பிப் படிகளைப் பார்த்தபோது பி வாசல் முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாவ்லினாதான் முதலில் கையைத் தூக்கினாள். “நானும் நிலவறையிலதான் சுட்டேன், ரெண்டே ரெண்டு பெட்டிதான் அக்கா. அந்த மணியக் கட்டினா நின்னுடும்னு நெனச்சேன்.” நின்றுவிடும் என்று நினைத்தது மயக்கமா, சுடுவதா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் இரண்டாம் மாடிக்காரர் புதன்கிழமை காலைப் புள்ளிகள் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டார். அவை அனைத்தும் அவருடையவை அல்ல, பதினொன்றிலிருந்து நான் என்றார் மூன்றாம் மாடிக்காரர். இல்லை, பதினொன்றேகாலிலிருந்து என்றார் இரண்டாம் மாடிக்காரர். இருவரும் தாளுக்கு முன்னால் நின்று எல்லைத் தகராறு பண்ண ஆரம்பித்தார்கள். ஒரு புள்ளிக்கு இரண்டு பேர் உரிமை கோர, இன்னொன்றை எவரும் ஏற்காமல் ரங்கேல் தலையில் கட்டப் பார்க்க, அவன் மறுக்க, அரைமணி நேரத்தில் சிவப்புப் பென்சில் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பெயர் ஏறிவிட்டது.

மிச்சம் இருந்தது சாதாரணப் பென்சிலில் போட்ட சின்னத் துடிப்புகள். பகலிலும் இரவிலும், ஓய்வு நேரத்திலும், ஒரு குளிர்பெட்டி தானாக ஓடித் தானாக நிற்கிற இடைவெளியில். வெனெத்தா பென்சிலை அவற்றின்மேல் வைத்தாள். மேல்படியைப் பார்த்தாள்.

லாசரோவ் தொண்டையைச் செருமினார். பழைய பூட்டு மடியிலிருந்து எப்போது கால்களுக்கிடையில் இறங்கியதென்று தெரியவில்லை.

“நேரமாகுது,” என்றார். “கதவு நல்ல கதவுதான். லைன்தான் சரியில்ல. பெட்டிக்குத் தனி வயர் இழுக்கலாம், கரண்ட் கணக்குத் தெரிஞ்சவன், நானே இழுத்துத் தர்றேன். வாக்கெடுப்பு வெச்சிடலாமே, நிர்வாகி.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை.

தீர்மானத்தை வெனெத்தா நின்றபடியே எழுதினாள். கதவு இருக்கும். நிர்வாகி இருப்பார். பெட்டிக்குத் தனி லைன். நிலவறையில் இனி எந்த அடுப்பும் கூடாது. மிளகாய் சுடுகிறவர்கள் முற்றத்தில், அவரவர் வீட்டு வயரில், முறை வைத்துச் சுட வேண்டும். முதலில் உயர்ந்த கை லாசரோவுடையது. பிறகு படி படியாகக் கைகள் ஏறின. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். கீழ்ப்படியில் ரங்கேல் இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

“ரங்கேல்?”

“நான் எதிர்ப்பு,” என்றான். “எனக்கு என் பால்கனிதான் வேணும்.”

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. வெனெத்தா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள்: ‘ஆதரவு பதினாலு. எதிர்ப்பு ஒன்று, ர. கோலேவ், நாலாம் எண். நேரம் மாலை ஆறு ஐம்பத்திரண்டு.’ எழுதிவிட்டு, எல்லோரும் மெத்தைகளை எடுத்துக்கொண்டு எழுந்தபின், அவனைக் கூப்பிட்டு, பால்கனியிலிருந்து தன் வயர் மேசையைத் தூக்க ஒரு முனையைப் பிடிக்க வரும்படி சொன்னாள்.